கேள்வி கேட்க எத்தனை நாள் ஆகும்? பல ஊர் டீம்களும் ஒரே ஆர்க்கிடெக்சரும்

எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.

 

ஐடில இருக்கற யாரும் கேட்காத வசனம் இல்ல இது: "ஆஃப்ஷோர் டீம் எழுதின கோட்தானே, அப்படித்தான் இருக்கும்." அதுக்கு நம்ம பக்கத்துல இருந்து ஒரு பதில் வசனம்: "அங்க உட்கார்ந்து படம் வரையறவங்களுக்கு இங்க என்ன நடக்குதுன்னு என்ன தெரியும்?" ரெண்டு வசனமும் சொல்றது ஒண்ணையேதான். சிஸ்டம் கெட்டுப்போனதுக்குக் காரணம் தூரம், அதாவது தூரத்துல இருக்கற அந்த இன்னொரு டீம்.

இது சும்மா டீ பிரேக் பேச்சு இல்ல. இந்த நம்பிக்கையை வச்சுத்தான் யார்கிட்ட முக்கியமான வேலையைக் கொடுக்கறது, யாரை டிசைன் மீட்டிங்குக்குக் கூப்பிடறது, ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது விழுந்தா யார் ராத்திரி முழிச்சிருக்கறதுன்னு முடிவு பண்றாங்க. அதனால இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்வி: பல ஊர்ல, பல நேர மண்டலத்துல உட்கார்ந்து ஒரே சாஃப்ட்வேரைக் கட்டும்போது அதோட ஆர்க்கிடெக்சர் ஏன் கெடுது? உண்மையிலேயே தூரம்தான் காரணமா?

என்னோட பதிலை முதல்லயே சொல்லிடறேன். தூரம் நேரடியா கோடைக் கெடுக்கறது இல்ல. தூரம் கேள்வியோட விலையை ஏத்துது. கேள்வி கேட்கறது விலை கூடிப்போனா, ஜனங்க கேட்கறதை நிறுத்திட்டு ஊகிக்க ஆரம்பிக்கறாங்க. ஆர்க்கிடெக்சர் கெடறது அந்த இடத்துலதான்.

ஒரு கேள்வியோட விலை

முதல்ல ஆர்க்கிடெக்சர்னா என்னன்னு ஒத்துக்குவோம். கட்டமும் அம்புக்குறியுமா வரையற படம் இல்ல. பின்னாடி மாத்தினா ரொம்ப செலவாகும்ங்கற முடிவுகளோட தொகுப்புதான் ஆர்க்கிடெக்சர். எந்த டேட்டா யார் கையில இருக்கும், எந்த மாட்யூல் எதைக் கூப்பிடலாம், எதைக் கூப்பிடவே கூடாது, பணத்தை எந்த அலகுல சேமிக்கிறோம், இதெல்லாம்.

இப்போ நீங்க சென்னைல, உங்க பேமென்ட் டீம் சான் ஃபிரான்சிஸ்கோலன்னு வச்சுக்குவோம். கோடைகாலத்துல ரெண்டு ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். காலைல 11 மணிக்கு ஒரு சந்தேகம் வருது: "இந்த 'தொகை'ங்கற ஃபீல்டு ரூபாயா, பைசாவா?" ஸ்லாக்ல போடறீங்க. அங்க அப்போ முந்தின நாள் ராத்திரி பத்தரை. அவங்க காலைல ஒன்பதரைக்கு வந்து பாக்கும்போது நமக்கு ராத்திரி பத்து. அவங்க பதில்: "எந்த வெர்ஷனைக் கேக்கறீங்க?" அதை நீங்க அடுத்த நாள் காலைல பாக்கறீங்க. ஆக, பக்கத்து சீட்டுல இருந்திருந்தா முப்பது செகண்ட்ல முடியற விஷயத்துக்கு ரெண்டு நாள்.

மேனேஜர் சாயங்காலமே டெமோ கேக்கறார். நீங்க என்ன பண்ணுவீங்க? பழைய கோட்ல வேற யாரோ எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பாத்து அதை அப்படியே காப்பி பண்ணுவீங்க. இல்லன்னா அவங்க டேபிளையே நேரா படிச்சிடுவீங்க. வேலை முடிஞ்சது, டெமோவும் ஓடிச்சு. ஆனா யாரும் எடுக்காத ஒரு ஆர்க்கிடெக்சர் முடிவு அன்னைக்கு சத்தமில்லாம எடுக்கப்பட்டுச்சு. இதுல சோம்பேறித்தனமும் இல்ல, திறமைக் குறைவும் இல்ல. கேள்வியோட விலை ரெண்டு நாளா இருந்தா, புத்திசாலியும் இதைத்தான் செய்வான்.

இதை அளந்தும் பாத்திருக்காங்க. ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மோக்கஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் லூசென்ட் நிறுவனத்தோட திட்டங்களை ஆராய்ஞ்சு 2003-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஒரே மாதிரியான வேலை, ஒரே இடத்துல நடக்கறதைவிட பல இடங்கள்ல பிரிஞ்சு நடக்கும்போது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு நேரம் எடுத்துச்சு. அந்தத் தாமதத்தோட நெருக்கமா ஒட்டிப்போன காரணம் எது தெரியுமா? அந்த வேலைக்குள்ள எத்தனை பேர் வரவேண்டியிருந்துச்சுங்கறது. பல இடத்துக்குப் பரவின வேலைல அதிகம் பேர் தேவைப்பட்டாங்க.

தூரம்னா கடல் தாண்டணும்னுகூட இல்ல. எம்ஐடில தாமஸ் ஆலன் 1970-களிலேயே ஆய்வுக்கூடங்கள்ல இதை அளந்தார். ரெண்டு இன்ஜினியர்களோட மேஜைகளுக்கு நடுவுல தூரம் கூடக்கூட அவங்க டெக்னிக்கலா பேசிக்கறது சரசரன்னு சரியுது. ஏறத்தாழ 50 மீட்டர் தாண்டினா பேச்சு அடிமட்டத்துக்குப் போயிடுது. அப்படிப் பாத்தா மூணாவது மாடியும் ஏழாவது மாடியும்கூட வேற ஊர்தான்.

டீம் எப்படியோ, கோடும் அப்படியே

இந்த விஷயத்தை முதல்ல சொன்னவர் மெல்வின் கான்வே. 1968 ஏப்ரல்ல 'டேட்டாமேஷன்' பத்திரிகைல அவர் கட்டுரை வந்துச்சு. அதுக்கு முன்னாடி 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வுக்கு அனுப்பி, நிரூபணம் போதாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் சொன்னதோட சாரம் இதுதான்: ஒரு அமைப்பு எந்த சிஸ்டத்தை வடிவமைச்சாலும், அந்த சிஸ்டம் அந்த அமைப்புக்குள்ள யார் யார்கிட்ட பேசறாங்கங்கறதோட அச்சாத்தான் வரும்.

அவர் கொடுத்த உதாரணம் இன்னைக்கும் சிரிப்பா இருக்கும். எட்டுப் பேர் இருக்கற ஒரு நிறுவனம் ரெண்டு கம்பைலர் எழுதணும். கோபால் மொழிக்கு அஞ்சு பேர், ஆல்கால் மொழிக்கு மூணு பேர்னு பிரிச்சாங்க. கடைசில கோபால் கம்பைலர் அஞ்சு கட்டமா ஓடிச்சு, ஆல்கால் கம்பைலர் மூணு கட்டமா ஓடிச்சு! மொழிக்கு எத்தனை கட்டம் தேவைன்னு யாரும் முடிவு பண்ணல, ஆள் எண்ணிக்கை முடிவு பண்ணிடுச்சு. பின்னாடி ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல வந்த தன்னோட 'தி மித்திக்கல் மேன்-மந்த்' புத்தகத்துல இதை 'கான்வே விதி'ன்னு குறிப்பிட, அந்தப் பேரே நிலைச்சிடுச்சு.

இப்போ இதை நம்ம விஷயத்துக்குத் திருப்புங்க. டீம் பல ஊர்ல இருந்தா பேச்சு எங்க மெலியுது? ஊருக்கும் ஊருக்கும் நடுவுல. அப்போ சிஸ்டத்துல விரிசல் எங்க விழும்? அதே இடத்துல, ரெண்டு ஊரோட கோடும் தொட்டுக்கற இன்டர்ஃபேஸ்ல.

டென்வருக்கும் பசடீனாவுக்கும் நடுவுல

அந்த விரிசலோட விலை எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கறதுக்கு ஒரு உண்மைக் கதை. நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பர் 11-ல ஏவினாங்க. 1999 செப்டம்பர் 23-ல செவ்வாயோட சுற்றுப்பாதைக்குள்ள நுழையற நேரத்துல காணாம போச்சு.

கதையோட தலைப்பு பல பேருக்குத் தெரியும்: மெட்ரிக் அலகும் இங்கிலீஷ் அலகும் குழம்பிடுச்சு. "அட, யூனிட் மாத்த மறந்துட்டாங்களா!"ன்னு சிரிச்சிட்டுப் போயிடுவோம். ஆனா விசாரணைக் குழு 1999 நவம்பர்ல கொடுத்த அறிக்கையைப் படிச்சா, அது யூனிட் கதையைவிட ரெண்டு டீமோட கதையாத்தான் தெரியும்.

விண்கலத்தைக் கட்டினது லாக்கீட் மார்ட்டின், டென்வர்ல. வழிகாட்டல், அதாவது நேவிகேஷன், ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரில, கலிஃபோர்னியாவோட பசடீனால. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். கலத்தோட சின்ன சின்ன த்ரஸ்டர்கள் எரியும்போது எவ்வளவு உந்துதல் கொடுத்துச்சுன்னு டென்வர் பக்கத்து தரைக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் ஒரு ஃபைல்ல எழுதும். பசடீனா அதைப் படிச்சு பாதையைக் கணக்குப் போடும். ஃபைல்ல எண்கள் பவுண்டு-ஃபோர்ஸ் செகண்ட்ல போச்சு. படிச்சவங்க நியூட்டன்-செகண்ட்னு எடுத்துக்கிட்டாங்க. வித்தியாசம் 4.45 மடங்கு.

இங்க கவனிங்க. அந்த இன்டர்ஃபேஸுக்கு ஸ்பெசிஃபிகேஷன் இல்லாம இல்ல. நியூட்டன்-செகண்ட்லதான் எழுதணும்னு தெளிவா இருந்துச்சு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்கற மாதிரி, ஏட்டுல இருந்த விதியைக் கோட் பின்பற்றுதான்னு பாக்கற முழு நீள டெஸ்ட் சரியா நடக்கல. ஆவணம் இருந்தும் போச்சு. அடுத்த முறை யாராவது "டாக்குமென்ட் எழுதிட்டா எல்லாம் சரியாயிடும்"னு சொன்னா இதை ஞாபகம் வச்சுக்குங்க.

ரெண்டாவது, ஏவின பிறகு முதல் நாலு மாசம் ஃபைல் ஃபார்மேட் பிழைகளால அந்த ஃபைலையே பயன்படுத்த முடியல. மெயில்ல வந்த தகவலை வச்சு சமாளிச்சாங்க. ஏப்ரல் வாக்குல ஃபைல் சரியாகி வந்ததும் எண்கள் பொருந்தலைங்கறது நேவிகேஷன் டீம் கண்ணுல பட்டுடுச்சு. பட்டுச்சு மக்களே! யாரும் தூங்கிட்டு இல்ல. ஆனா அந்தச் சந்தேகம் மெயில்லயே சுத்திச்சு. பிரச்சினையை முறைப்படி பதிவு பண்ற அமைப்பு அவங்ககிட்ட இருந்தும், அதுக்குள்ள போகல. பதிவு ஆகாத சந்தேகத்துக்கு முதலாளி கிடையாது. மெயில் கீழ போயிடும், அவ்வளவுதான்.

மூணாவது, கலத்தோட சோலார் பேனல் ஒரு பக்கமா மட்டும் இருந்ததால, அதை நேரா வைக்க த்ரஸ்டர்களை எதிர்பாத்ததைவிட பத்து மடங்குக்கும் மேல அடிக்கடி எரிக்க வேண்டியிருந்துச்சு. நேவிகேஷன் டீம் கலத்தைக் கட்டுன காலத்துல கூட இல்ல. அதனால இந்த நுணுக்கம் அவங்களுக்குச் சரியா தெரியல. சின்னப் பிழை, ஆனா திரும்பத் திரும்ப நடந்து சேர்ந்துக்கிட்டே போச்சு.

முடிவு? செவ்வாய்க்கு மேல 226 கிலோமீட்டர் உயரத்துல நுழையணும்னு திட்டம். கலம் தாங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம் 80 கிலோமீட்டர். பின்னாடி கணக்குப் போட்டா, அது போனது சுமார் 57 கிலோமீட்டர்ல.

ஊகம், சரிபாக்கப்படாத ஒப்பந்தம், வழி இல்லாத சந்தேகம். இந்த மூணையும் மனசுல வச்சுக்குங்க. நம்ம ஆபீஸ்ல நடக்கறதும் இந்த மூணுதான்.

அப்போ தூரம்தான் வில்லனா?

"பாத்தியா, ரெண்டு ஊர்ல பிரிச்சதாலதானே இப்படி ஆச்சு"ன்னு கேக்கலாம். அதுக்கு எதிரா ஒரு வலுவான ஆதாரம் இருக்கு, அதுவும் எதிர்பாராத இடத்துல இருந்து. விண்டோஸ் விஸ்டா.

சிரிக்காதீங்க. விஸ்டா நல்லதா கெட்டதாங்கறது இங்க கேள்வி இல்ல. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவுல கிறிஸ்டியன் பேர்ட், நாச்சியப்பன் நாகப்பன் உள்ளிட்ட குழு 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. விஸ்டாவுக்குள்ள ஒரே இடத்துல எழுதின பகுதிகளையும், பல இடங்கள்ல பிரிஞ்சு எழுதின பகுதிகளையும் எடுத்து, வெளியீட்டுக்குப் பிறகு எதுல அதிகம் கோளாறு வந்துச்சுன்னு ஒப்பிட்டாங்க. வித்தியாசம் கண்டுக்க வேண்டாத அளவுக்குத்தான் இருந்துச்சு. எத்தனை பேர் அந்தப் பகுதியைத் தொட்டாங்கங்கறதைக் கணக்குல எடுத்தா அந்தக் கொஞ்ச வித்தியாசமும் இன்னும் தேய்ஞ்சு போச்சு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2008-ல, நாகப்பன், பிரெண்டன் மர்ஃபி, விக்டர் பசிலி மூணு பேரும் அதே விஸ்டாவை வச்சு இன்னொண்ணு காட்டினாங்க. ஒரு பகுதி உடையுமா உடையாதான்னு கணிக்கறதுல, கோடோட சிக்கல் அளவைவிட, டெஸ்ட் கவரேஜைவிட, அந்தப் பகுதியைச் சுத்தி இருக்கற நிறுவன அமைப்பு நல்லா கணிச்சுச்சு. அதாவது எத்தனை பேர் தொட்டாங்க, அதுல எத்தனை பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்க, எத்தனை தனித்தனிப் பிரிவுகள் அதுக்குள்ள கை வச்சாங்கங்கற மாதிரி அளவுகள்.

ரெண்டையும் சேத்துப் படிங்க. மேப்புல எவ்வளவு தூரம்ங்கறது முக்கியம் இல்ல. பொறுப்பு எப்படிச் சிதறியிருக்குங்கறதுதான் முக்கியம். ஒண்ணு நியாயமா சொல்லிடணும்: விஸ்டாவை எழுதினது ஒரே கம்பெனி. ஒரே டூல், ஒரே பில்ட், பொதுவான கால அட்டவணை எல்லா இடத்துலயும் இருந்துச்சு. பல இடங்கள்ல ஏற்கெனவே தலைமையகத்துல வருஷக்கணக்கா வேலை பாத்தவங்களே போய் உட்கார்ந்தாங்க. தூரத்தோட விலையை யாரோ முன்கூட்டியே கட்டியிருந்தாங்க. அதனால "தூரம் தானா சரியாயிடும்"னு இதை எடுத்துக்கக் கூடாது. விலையைக் கட்டினா சரியாகும்னு எடுத்துக்கலாம்.

உலகம் முழுக்க ஒரு ஆபீஸ்

இந்த விலையை முப்பது வருஷத்துக்கும் மேல கட்டிக்கிட்டு வர்ற ஒரு திட்டம், லினக்ஸ் கர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல ஆரம்பிச்சது. இன்னைக்கு ஒவ்வொரு வெளியீட்டுலயும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க கோட் அனுப்பறாங்க. வேற வேற நாடு, வேற வேற கம்பெனி. சில பேருக்கு சம்பளம், சில பேருக்கு ஆர்வம். ஆனாலும் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு தடவை புது வெர்ஷன் வந்துடுது. எப்படி?

முதல் விஷயம், யாரைக் கேக்கணும்ங்கற கேள்விக்கே அங்க இடம் இல்ல. கோடோட கூடவே 'மெயின்டெய்னர்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, எந்த அஞ்சல் பட்டியல்ல பேசணும்னு அதுல இருக்கும். நீங்க மாத்தின ஃபைலைக் கொடுத்தா யாருக்கு அனுப்பணும்னு ஒரு ஸ்கிரிப்டே சொல்லிடும்.

ரெண்டாவது, எது அசையக் கூடாது, எது அசையலாம்ங்கறதுல தெளிவு. கர்னலை நம்பி மேல ஓடற அப்ளிகேஷன்களை உடைக்கற மாற்றம் வரக் கூடாது. இதுல டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார்னு ஊருக்கே தெரியும். அதே நேரம் கர்னலுக்கு உள்ளே இருக்கற இன்டர்ஃபேஸ்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தாராளமா மாத்தலாம். ஆனா மாத்தறவர், அதைப் பயன்படுத்தற எல்லா இடத்தையும் சேத்து சரி பண்ணிக் கொடுக்கணும். வெளிச்சுவர் கல்லு, உள்சுவர் தடுப்புப் பலகை. ரெண்டையும் யாரும் குழப்பிக்கறது இல்ல.

மூணாவது, சேர்த்துப் பாக்கறதைத் தள்ளிப்போடறது இல்ல. 'லினக்ஸ்-நெக்ஸ்ட்'னு ஒரு கிளை. 2008-ல ஆஸ்திரேலியால இருந்து ஸ்டீபன் ராத்வெல் ஆரம்பிச்சது. நூற்றுக்கணக்கான டெவலப்பர் கிளைகளை வேலை நாள்கள்ல தினமும் ஒண்ணா சேத்து பில்ட் பண்ணிப் பாப்பாங்க. ரெண்டு பேர் ஊகம் மோதினா அது மாசக் கடைசில தெரியாது, அடுத்த நாளே தெரியும்.

நாலாவது, விவாதம் எழுத்துல நடக்குது. ஒரு முடிவு ஏன் எடுத்தாங்கன்னு பத்து வருஷம் கழிச்சும் தேடிப் படிக்கலாம்.

அங்க எல்லாம் சுமுகம்னு நான் சொல்ல வரல. சண்டை நடக்கும், காரசாரமாவே நடக்கும். ஆனா சண்டை எல்லார் கண்ணுக்கும் முன்னாடி நடக்குது. தூரத்துல இருக்கறவனுக்கு அதுதான் முக்கியம்.

நம்ம டீமுக்கு இதுல என்ன?

நாம கர்னலும் எழுதல, செவ்வாய்க்கும் போகல. ஆனா நாலு விஷயம் எடுத்துக்கலாம்.

முதல்ல, பிரிக்கிற கோடு. டிசைன் அங்க, கோடிங் இங்க, டெஸ்டிங் வேற எங்கயோன்னு வேலையோட படிகளை வச்சுப் பிரிச்சா, ஒவ்வொரு ஃபீச்சரும் எல்லா ஊரையும் சுத்தி வரணும். கேள்விகளோட எண்ணிக்கையை நாமளே ஏத்திக்கறோம். டேவிட் பார்னஸ் 1972-லயே சொன்னார்: மாட்யூலைப் பிரிக்கும்போது வேலையோட படிகளைப் பாக்காதீங்க, எந்த முடிவு பின்னாடி மாறலாம்னு பாத்து, அதை ஒரு மாட்யூலுக்குள்ள மறைச்சு வைங்க. இதை டீமுக்கும் பொருத்தலாம். ஒரு ஊருக்கு ஒரு முழுப் பகுதியைக் கொடுங்க: டிசைன், கோட், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன் பொறுப்பு எல்லாம் சேத்து. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற வேற. பேமென்ட் டீம் டேபிளை ஆர்டர் டீம் தொடக் கூடாது, கதவைத் தட்டித்தான் கேக்கணும்.

ரெண்டாவது, முடிவை எழுதறது. மைக்கேல் நைகார்ட் 2011-ல பிரபலமாக்கின 'ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட்' ரொம்ப எளிமை. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். சூழ்நிலை என்ன, என்ன முடிவு, அதனால வர்ற நல்லது கெட்டது என்ன. நம்பர் போட்டு கோட் இருக்கற அதே ரெப்போல வைக்கணும். முடிவு மாறினா பழையதை அழிக்கக் கூடாது, "இதுக்குப் பதிலா 14-ஐப் பாருங்க"ன்னு குறிச்சிடணும். நான் இன்னொண்ணும் சேப்பேன்: எதையெல்லாம் வேண்டாம்னு விட்டோம், ஏன்? பைத்தான் மொழியோட மாற்ற முன்மொழிவுகள்ல நிராகரிச்ச யோசனைகளுக்குன்னே ஒரு பகுதி வர்றது வழக்கம். அது இருந்தா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஊர்ல புதுசா சேர்ந்தவர் அதே விவாதத்தை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க மாட்டார். எல்லாத்துக்கும் எழுதாதீங்க. பின்னாடி மாத்தறது கஷ்டம்ங்கற முடிவுக்கு மட்டும். வருஷத்துக்கு இருபது பக்கம் இருந்தா படிப்பாங்க, இருநூறு பக்கம் இருந்தா யாரும் திறக்க மாட்டாங்க.

மூணாவது, எழுதினதை மெஷின் சரிபாக்கணும். மார்ஸ் ஆர்பிட்டர் பாடம் இதுதான். நம்ம 'தொகை' ஃபீல்டுக்கே வருவோம். 500-ன்னு வந்தா அது ஐந்நூறு ரூபாயா, ஐந்நூறு பைசாவா? பல பேமென்ட் ஏபிஐக்கள் கரன்சியோட மிகச் சின்ன அலகைத்தான் கேக்கும். இந்தியாவுல பைசா. ஜப்பான் யென்னுக்குக் கீழ புழக்கத்துல அலகே இல்ல. குவைத் தினார் ஆயிரமா பிரியும். "நூறால பெருக்கிட்டா போச்சு"ன்னு ஊகிச்சவர் கதி என்ன? இதுக்குத்தான் கான்ட்ராக்ட் டெஸ்ட். கூப்பிடற டீம், "நான் இதை அனுப்புவேன், இது திரும்ப வரணும்"னு டெஸ்டா எழுதிக் கொடுக்கும். கொடுக்கற டீமோட பில்ட்ல அது ஒவ்வொரு தடவையும் ஓடும். 'பேக்ட்' மாதிரி டூல்கள் இதுக்கே இருக்கு. "இந்த மாட்யூல் அந்த மாட்யூலைக் கூப்பிடக் கூடாது"ங்கற விதியை ஜாவால 'ஆர்க்யூனிட்' வச்சு சாதாரண டெஸ்ட் மாதிரியே எழுதலாம். மீறினா பில்ட் சிவப்பாகும். அங்க இருக்கற சீனியர் தூங்கிட்டு இருந்தாலும் பதில் ரெண்டு நிமிஷத்துல கிடைக்கும். அதுவும் எந்த ஊர்க்காரர், எத்தனை வருஷ அனுபவம்னு பாக்காம எல்லாருக்கும் ஒரே பதில்.

நாலாவது, சந்தேகத்துக்கு ஒரு வழி. எந்த டூலும் இல்லாம இன்னைக்கே செய்யலாம். "இந்த எண் எனக்கு இடிக்குது"ன்னு யாராவது சொன்னா அது சாட்ல கரையக் கூடாது. டிக்கெட் ஆகணும், பேர் இருக்கணும், மூடும்போது காரணம் எழுதணும். சொன்னவர் தப்பா இருந்தாலும் பரவாயில்ல. பத்துல ஒன்பது தப்பா இருக்கலாம், பத்தாவது 57 கிலோமீட்டரா இருக்கலாம்.

இதோட மீட்டிங் நேரத்தையும் சொல்லணும். ஆர்க்கிடெக்சர் விவாதம் எப்பவும் ஒரே ஊரோட பகல்லயே நடந்தா, இன்னொரு ஊர் ராத்திரி பத்து மணிக்கு மியூட்ல தலையாட்டிட்டு இருக்கும். அதைச் சம்மதம்னு எடுத்துக்க முடியாது. நேரத்தை மாத்தி மாத்தி வைங்க. ராத்திரி முழிக்கற கஷ்டத்தை ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கட்டும். அதைவிட நல்லது, விவாதத்தை முதல்ல எழுத்துல நடத்திட்டு மீட்டிங்கை முடிவுக்கு மட்டும் வச்சுக்கறது.

"நான் ஜூனியர், எனக்கு இதுல என்ன குரல்?"

இந்தக் கேள்வி நம்ம இன்பாக்ஸ்ல அடிக்கடி வரும். "ஆர்க்கிடெக்ட் வேற நாட்டுல இருக்கார். நான் சேர்ந்து ரெண்டு வருஷம். நான் என்ன மாத்திட முடியும்?"

நிறைய முடியும். ஏன்னா எங்க ஊகம் நடக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். படம் வரைஞ்சவருக்கு அது தெரியாது. அடுத்த தடவை ரெண்டு நாள் காத்திருந்து ஒரு பதில் வாங்கினா, அதை உங்க சாட்லயே விட்டுடாதீங்க. அரைப் பக்கம் எழுதி ரெப்போல புல் ரிக்வெஸ்ட்டா போடுங்க: "இந்தக் கேள்வி வந்துச்சு, இதான் பதில், நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" தப்பா இருந்தா அங்கேயே திருத்துவாங்க. திருத்தம் சிரமம், ஆனா முதல் வரைவு யார் கையில இருக்கோ விவாதம் அங்கதான் ஆரம்பிக்கும். முடிஞ்சா அந்தப் பதிலுக்கு ஒரு டெஸ்டும் எழுதுங்க. நீங்க கேட்ட கேள்வியை உங்களுக்கு அப்புறம் யாரும் ரெண்டு நாள் காத்திருந்து கேக்க வேண்டியிருக்காது.

லீடா இருக்கறவங்களுக்கு ஒரு வேலை. திங்கட்கிழமை டீமா உட்கார்ந்து, போன வாரம் அந்த ஊருக்கு அனுப்பின கேள்விகளை எடுத்து வைங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பதில் வர எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு போடுங்க. அப்புறம் இன்னொரு பட்டியல்: கேக்கணும்னு நினைச்சு, கேக்காமலே விட்ட கேள்விகள். இந்த ரெண்டாவது பட்டியலை வெளில எடுக்க டீமுக்கு உங்க மேல நம்பிக்கை வேணும். ஆனா உங்க ஆர்க்கிடெக்சர் எங்க கெட்டுக்கிட்டு இருக்குன்னு அந்தப் பட்டியல்தான் சொல்லும். எந்த டேஷ்போர்டும் அதைச் சொல்லாது.

"அவங்க எழுதின கோட் அப்படித்தான்"ங்கற வசனம் அடுத்த தடவை காதுல விழுந்தா, அது எந்த ஊர்ல இருந்து வந்தாலும், ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேளுங்க: "அவங்க நம்மகிட்ட ஒரு சந்தேகம் கேட்டா பதில் சொல்ல நமக்கு எத்தனை நாள் ஆகுது?"

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க ரெண்டாவது பட்டியல்ல என்ன இருந்துச்சுன்னு, கம்பெனி பேர் போடாம, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.